அதே வண்டி, அதே ஹெட்

"அண்ணே, வண்டி தண்ணி குடிக்குது."

காலை ஆறரைக்குப் பட்டறை ஷட்டரைத் தூக்கும்போது இந்த ஒரு வரி காதில் விழுந்தால், அன்றைய நாள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரிந்துவிடும். கிளட்ச் கேபிள், பிரேக் சத்தம் என்று வருகிறவர்கள் பக்கத்துக் கடையில் டீ சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். தண்ணி குடிக்கிற வண்டிக்காரர் டீ வேண்டாம் என்பார். செலவு பெரிது என்று பாதி தெரிந்துதான் வந்திருப்பார்.

என் பட்டறை வத்தலக்குண்டில். மலைக்குச் சிமெண்டும் செங்கலும் கம்பியும் ஏறும். காரட்டும் பூண்டும் பேரிக்காயும் இறங்கும். காட்ரோடு தாண்டியதும் ஏற்றம் பிடித்தால் கொடைக்கானல் வரைக்கும் எஞ்சினுக்கு மூச்சுவிட இடமில்லை. ஏறும்போது சூடாகி, இறங்கும்போது ஆறி, அடுத்த நாள் மறுபடி ஏறிப் படாதபாடு படுகிற வண்டிகள் கடைசியில் அடிவாரத்தில் எங்களிடம்தான் வந்து நிற்கும். முப்பது வருஷத்தில் எத்தனை ஹெட் தூக்கினேன் என்று கணக்கு வைத்ததில்லை. ஒரு வண்டியின் கணக்கு மட்டும் மறக்கவில்லை. மூன்று மாதத்தில் மூன்று தடவை.

மஹிந்திரா பிக்கப். 2523 சிசி டிஐ எஞ்சின். பழைய ஆட்கள் இதை இன்னும் 'டிராக்டர் எஞ்சின்' என்றுதான் சொல்வோம். சொல்வதில் தப்பில்லை. போர் 88.9 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 101.6. அது என்ன கணக்கு என்று மில்லிமீட்டரில் யோசித்தால் பிடிபடாது. இன்ச்சில் பார்த்தால் மூன்றரைக்கு நாலு. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் எஞ்சினுக்கும் இதே அளவுதான். அந்தக் கம்பெனியோடு சேர்ந்துதான் மஹிந்திரா 1963இல் டிராக்டர் தொழிலுக்குள் வந்தது. உழவுக்குப் பிறந்த வம்சம் ஆனதால் மெதுவாக இழுக்கும், நிற்காமல் இழுக்கும். நல்ல எஞ்சின். அதைக் கெடுக்க மனுஷன் கொஞ்சம் பாடுபட வேண்டும். நாங்கள் பட்டோம்.

வண்டிக்காரர் சிமெண்ட் ஏற்றுகிறவர், நாற்பது வயசு இருக்கும். ஒரு நடைக்கு ரெண்டு லிட்டர் தண்ணி ஊற்றுகிறேன், கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை என்றார். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் கறுப்பாகத்தான் இருந்தது, பால் டீ மாதிரி மாறவில்லை. அப்படியானால் தண்ணி ஆயிலுக்குள் போகவில்லை, நெருப்புக்குள் போகிறது. ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வாய் வரைக்கும் தண்ணி நிரப்பி, ஃபேன் பெல்ட்டைக் கழட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். பெல்ட்டைக் கழட்டுவது எதற்கென்றால், வாட்டர் பம்ப் சுற்றினால் தண்ணி தானாகவே கலங்கும். எந்தக் குமிழி யாருடையது என்று தெரியாது. பெல்ட் இல்லாமல் ஒரு நிமிஷம் ஓட்டினால் போதும். தண்ணி அசையாமல் நின்றது. பிறகு ஒரு குமிழி, இன்னொன்று, அப்புறம் உலை கொதிப்பதுபோல விடாமல். மேலே கறுப்பாக ஒரு படலம் கட்டியது. விரலில் தொட்டு முகர்ந்தால் சைலன்சர் வாசனை.

"ஹெட் பேக்கிங் போயிருச்சுப்பா."

"வேற வழி எதுவும் இல்லையாண்ணே? அந்தப் பவுடர் கிவுடர் போட்டு..."

ரேடியேட்டரில் கொட்டினால் ஓட்டையை அடைக்கும் பவுடர் ஒன்று கடையில் விற்கிறது. ஓட்டையை அடைக்குமோ இல்லையோ, ரேடியேட்டர் டியூபை நன்றாக அடைக்கும். வேண்டாம் என்றேன்.

நாங்கள் பேக்கிங் என்று சொல்லும் கேஸ்கெட் பார்வைக்கு ஒன்றுமில்லை. ஒன்றரை மில்லி கனத்தில் ஒரு தகடு, நாலு பெரிய ஓட்டை, சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு நெருப்பு, ஆயில், தண்ணி மூன்றையும் ஒன்றோடு ஒன்று சேரவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டீசல் எஞ்சினில் வெடிப்பு நேரத்தில் சிலிண்டருக்குள் வெளிக்காற்றைப்போல எண்பது மடங்கு அழுத்தம் என்று வைத்துக்கொண்டால், இந்த பிஸ்டனின் பரப்புக்கு ஏறக்குறைய ஐந்து டன் ஹெட்டை மேலே தள்ளும். எஞ்சின் 2000 ஆர்பிஎம்மில் ஏறும்போது ஒவ்வொரு சிலிண்டரிலும் நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை அந்த ஐந்து டன். இந்தப் பக்கம் தீ, அரை விரற்கடை தள்ளித் தண்ணி. அந்த அரை விரற்கடையில் ஒரு மயிரிழை கருகினால் போதும்.

ஆறிய பிறகுதான் போல்ட்டில் கை வைக்க வேண்டும். சூட்டில் கழட்டினால் ஹெட் தன் இஷ்டத்துக்கு வளையும். கழட்டுவது ஓரத்திலிருந்து நடுவுக்கு. முறுக்குவது நடுவிலிருந்து ஓரத்துக்கு. புஷ் ராடு எட்டையும் ஒரு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, நம்பர் எழுதி, வந்த வரிசையிலேயே குத்தி வைப்பேன். ஒவ்வொன்றும் தன் டேப்பட்டோடு தேய்ந்து பழகியது. மாற்றிப் போட்டால் ஓடும்தான், ஆனால் புது இடத்தில் மறுபடி தேய ஆரம்பிக்கும். பையன் ஒருவன் எட்டையும் ஒரு வாளி டீசலில் போட்டுக் கழுவி வைத்த நாளில் நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

ஹெட்டைத் தூக்க ரெண்டு ஆள். ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஸ்க்ரூடிரைவரை இடையில் விட்டு நெம்பத் தோன்றும். நெம்பினால் அந்தக் கோடு பிளாக்கில் காலத்துக்கும் இருக்கும். மரக்கட்டையை வைத்துப் பக்கத்தில் தட்டினால் 'ப்ச்' என்று விடும்.

தூக்கியதும் முதலில் கேஸ்கெட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பேன். எஞ்சினின் ஜாதகம் அதில்தான் இருக்கிறது. இந்த வண்டியில் மூன்றாம் சிலிண்டர் வளையத்திலிருந்து பக்கத்துத் தண்ணி ஓட்டைக்குப் பென்சிலால் கோடு போட்டதுபோல ஒரு கறுப்புக் கீற்று. பிறகு பிஸ்டன்களைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்றும் கரி பிடித்துக் கிடந்தன. மூன்றாவது மட்டும் தேய்த்து வைத்த பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது. உள்ளே போன தண்ணி ஆவியாகி அடித்த அடியில் கரியெல்லாம் கழுவிப் போயிருந்தது. பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும், இதைப் பார்த்தவன் மறக்கமாட்டான்.

பிளாக் முகத்தைச் சுரண்டும்போது எனக்கு எப்போதும் என் மேஸ்திரி ஞாபகம் வரும். அந்தக் காலத்து பேக்கிங்கில் ரெண்டு செம்புத் தகட்டுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதைக் காயக் காயச் சுரண்டி, தூசியை வாயால் ஊதித் தள்ளுவோம். அது நுரையீரலைத் தின்னும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மேஸ்திரிக்குக் கடைசிக் காலத்தில் இருமல் நிற்கவே இல்லை. பீடியால் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். இப்போது பழைய பேக்கிங் எது வந்தாலும் நனைத்துத்தான் சுரண்ட விடுகிறேன்.

ஸ்ட்ரெய்ட் எட்ஜை ஹெட் மேல் நீளத்துக்கும் குறுக்கும் வைத்து, அடியில் ஃபில்லர் கேஜ் விட்டுப் பார்த்தேன். நடுவில் ஆறு தவு தாராளமாக நுழைந்தது. லேத்துக்காரர்களும் நாங்களும் இன்னும் தவுக் கணக்குதான். இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவு. நாலு தவு என்றால் பத்தில் ஒரு மில்லி. அதைத் தாண்டினால் நான் அப்படியே பூட்டமாட்டேன். திண்டுக்கல் லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் போட்டுக்கொண்டு வந்தோம். விரிசல் இருக்கிறதா என்று வால்வு சீட்டுகளுக்கு நடுவே பார்க்கச் சொன்னேன். இல்லை. டீசல் ஹெட்டை இஷ்டத்துக்கு இழைக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிஸ்டன் மேலே வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் இடையே இருப்பதே ஒரு மில்லி சுமார். இழைக்க இழைக்க வால்வு பிஸ்டனை நெருங்கும், நாசில் முனையும் கீழே நீட்டிக்கொள்ளும். அடியில் போடும் செம்பு வாஷரை மாற்றிச் சரிக்கட்டலாம். அதற்கும் ஒரு எல்லை உண்டு.

பூட்டுவதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. போல்ட் ஓட்டை. பிளாக்கில் அடி மூடிய ஓட்டை இருந்து, அதற்குள் கொஞ்சம் ஆயிலோ தண்ணியோ நின்றால், போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் பிளாக்கையே பிளக்கும். மேஸ்திரி பட்டறையில் அப்படிப் பிளந்த ஒரு பிளாக்கைத் தண்ணித் தொட்டிக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். புதுப்பையன் வந்தால் முதல் நாள் அதைக் காட்டுவார். நான் குச்சியில் துணி சுற்றி ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு, துணி உலர்ந்து வரும்வரை எடுப்பேன், பிறகு காற்று அடிப்பேன்.

மேஸ்திரி டார்க் ரெஞ்ச் தொட்டதில்லை. நீளமான டாமி, அதற்கு மேல் ஒரு பைப், "கை சொல்லும்டா" என்பார். அவர் கை சொன்னது உண்மைதான். என் கை காலையில் ஒன்று சொல்கிறது, சாயங்காலம் வேறு சொல்கிறது. ஆகவே சொந்தமாகப் பட்டறை போட்ட மறு வருஷமே டார்க் ரெஞ்ச் வாங்கிவிட்டேன். மூன்று சுற்று: முதல் சுற்றில் உட்கார வைப்பது, இரண்டாவதில் பாதிக்கு மேல், மூன்றாவதில் முழு அளவு. மரையில் ஆயில் தடவினால் அதே அளவில் போல்ட் அதிகமாக இழுபடும். காய்ந்து துரு இருந்தால் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லிவிடும், போல்ட் இழுத்தே இருக்காது. ரெஞ்ச்சும் பொய் சொல்லும், ஆனால் எப்போது சொல்லும் என்று நமக்குத் தெரியும்.

டேப்பட் செட் பண்ண நாலாம் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். அதில் ஒரு வால்வு மூடி முடிகிற நேரமும் மற்றது திறக்கத் தொடங்குகிற நேரமும் சேருகிற இடத்தில், ரெண்டு ராக்கரும் லேசாக ஆடும். அங்கே நிறுத்தினால் ஒன்றாம் சிலிண்டரின் ரெண்டு வால்வும் முழுக்க மூடியிருக்கும். ஃபில்லர் கேஜை விட்டு, சின்ன இழுப்போடு வரும்படி வைத்துப் பூட்டுவேன். வெடிக்கும் வரிசை 1-3-4-2 என்பதால், அடுத்து இரண்டை ஆடவிட்டு மூன்று, ஒன்றை ஆடவிட்டு நாலு, மூன்றை ஆடவிட்டு இரண்டு. பிறகு பிரைமரை அடித்து டீசல் லைனில் காற்றை எடுத்து, நாசில் பைப் நட்டுகளைத் தளர்த்தி ஸ்டார்ட்டர் கொடுத்தால், நுரை போய் டீசல் பீய்ச்சும். நட்டை இறுக்கும்போதே நாலில் ஒன்று பிடித்துக்கொண்டு தடதடக்கும், பிறகு மற்றவை சேரும். எத்தனை தடவை கேட்டாலும் அந்த இடம் எனக்குப் பிடிக்கும்.

ஐந்நூறு கிலோமீட்டரில் வா, ஒரு தடவை இறுக்கிப் பார்த்து டேப்பட்டையும் பார்க்கணும் என்று சொல்லி அனுப்பினேன். வரமாட்டார்கள். இவரும் வரவில்லை. பத்தொன்பதாம் நாள் வந்தார், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு.

அதே மூன்றாம் சிலிண்டர். அதே இடத்தில் அதே கீற்று.

இந்த இடத்தில்தான் எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஹெட்டில் ஃபில்லர் கேஜ் விட்டேன், மூன்று தவு நுழைந்தது. பத்தொன்பது நாளைக்கு முன் இழைத்த இரும்பு சும்மா கிடந்து வளையாது. எஞ்சின் கொதித்திருக்கிறது என்று அது அப்பட்டமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் கேட்டது வேறு. லேத்துக்காரர் சரியாக இழைக்கவில்லை என்று முடிவு கட்டி, போனில் அவரோடு சண்டை போட்டேன். கேஸ்கெட் மட்டம் என்று பார்ட்ஸ் கடைக்காரரிடமும் சத்தம் போட்டேன். மலையில் சூட்டோடு பச்சைத் தண்ணி ஊற்றினாயா என்று வண்டிக்காரரையும் விடவில்லை. அவர் "சாமி சத்தியமா இல்லண்ணே" என்றார். கூலி வாங்காமல், விலை கூடிய கேஸ்கெட் போட்டு, மறுபடி பூட்டிக் கொடுத்தேன். கூலி வாங்காததால் நான் யோக்கியன் என்று நினைத்துக்கொண்டேன் போல.

ஒன்றரை மாதம் ஓடியது. அறுவடை சீசன், மேலிருந்து காய்தான் இறக்கினார், ஏற்றத்தில் காலி வண்டி. பிறகு ஒரு ஓட்டல் கட்டட வேலைக்குச் சிமெண்ட் ஏற்ற ஆரம்பித்தார். ரெண்டு நடைதான்.

மூன்றாவது தடவை வந்தபோது அவர் ஒன்றும் பேசவில்லை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்தத் தடவை ஹெட்டைப் பூட்டியதும் வண்டியைக் கொடுக்கவில்லை. முப்பது மூட்டை ஏற்றச் சொல்லி நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். டெம்பரேச்சர் முள் பல வருஷமாகச் செத்துக் கிடந்தது. அதைக்கூட நான் ரெண்டு தடவையும் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். டம்டம் பாறை வளைவு தாண்டியதும் எஞ்சின் சத்தம் கொஞ்சம் வறண்டதுபோல இருந்தது. ஓரங்கட்டச் சொல்லி ஆஃப் பண்ணினேன். பானெட்டைத் தூக்கி ரேடியேட்டர் முகத்தில் கை வைத்தேன். வலது பக்கம் வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன். இடது பக்கம் வைத்த கையை எடுக்கவே தோன்றவில்லை. இளஞ்சூடு. மேலிருந்து கீழ்வரை, பாதிக்குக் கொஞ்சம் குறைய, தண்ணியே ஓடாத டியூபுகள்.

ரேடியேட்டரை நான் சரி பார்க்காமல் இல்லை. ஹோஸை விட்டுத் தண்ணி அடித்தேன், கீழே நன்றாகவே வந்தது. பாதி டியூப் திறந்திருந்தாலும் ஹோஸ் தண்ணி நன்றாகத்தான் வரும். காலி வண்டிக்கு அந்தப் பாதி போதும். சிமெண்டோடு ஏறும்போதுதான் மறு பாதி தேவைப்படும்.

அங்கேயே இன்னொன்றும் கண்ணில் பட்டது. ரேடியேட்டர் மூடியின் ஓரத்தில் மெல்லிதாக ஆவி கசிந்துகொண்டிருந்தது. ஆறவிட்டுத்தான் திறந்தேன், சூட்டோடு திறந்த ஒரு நாளின் தழும்பு வலது முழங்கையில் இருக்கிறது. ரப்பர் கல்லாகியிருந்தது. மூடி அழுத்தத்தைப் பிடித்தால்தான் தண்ணி நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். பிடிக்காவிட்டால் திறந்த பாத்திரத் தண்ணிக்கு நேரும் கதிதான். அதிலும் கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணி 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே ஒரு மாதிரி சமாளிக்கிற எஞ்சின் மேலே போகப்போகக் கொதிப்பதில் மாயம் ஒன்றுமில்லை.

மூன்றாவது தப்பு என்னுடையது. தெர்மோஸ்டாட் வால்வு இல்லை. சில வருஷத்துக்கு முன் நான்தான் கழட்டி எறிந்தேன். நம் ஊர் வெயிலுக்கு அது எதற்கு என்று எங்கள் பக்கத்துப் பட்டறைகள் எல்லாவற்றிலும் ஒரு நம்பிக்கை. பைபாஸ் உள்ள எஞ்சினில் அதை எடுத்துவிட்டால், சூடான தண்ணியில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் பைபாஸ் வழியாகத் திரும்பி எஞ்சினுக்குள் வந்துவிடும். குளிர்ச்சிக்காக எடுத்தது, சூட்டுக்கு வழி திறந்து வைத்திருந்தது.

ரேடியேட்டர் பட்டறையில் மேல் டேங்கை உருக்கித் திறந்தபோது வண்டிக்காரரையும் கூட்டிப்போனேன். டியூப் வாய்களில் பல்லில் காரை பிடித்ததுபோல வெள்ளையாக அடைத்திருந்தது. ராடு விட்டுக் குத்த, தூளாக உதிர்ந்தது. அவர் ஒரு துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுச் சுடுதண்ணிப் பானைல இதே மாதிரிதாண்ணே இருக்கும்" என்றார். வீட்டு போர் தண்ணியைத்தான் தினமும் காலையில் ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறார். உப்புத் தண்ணி, சுண்ணாம்புத் தண்ணி. கேஸ்கெட் கருகிய பிறகு ஒரு நடைக்கு ரெண்டு லிட்டர் ஊற்றியதில் காரை இன்னும் வேகமாகப் படிந்தது. தினமும் அருவிகளையும் ஊற்றுகளையும் கடந்து போகிற வண்டி. அந்தத் தண்ணியில் உப்பு ரொம்பக் குறைவு. கொதிக்கிற எஞ்சினில் அதை அப்படியே கொட்டி ஹெட்டை வெடிக்கவிட்டவர்கள் உண்டு. ஆறிய வண்டிக்குப் பிடித்துவந்து ஊற்றலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. கூலண்ட் ஊற்றுங்கள் என்றால், லிட்டர் என்ன விலை தெரியுமா என்பார்கள்.

புது மூடி, புது தெர்மோஸ்டாட், டெம்பரேச்சர் முள்ளுக்குப் புது சென்சார், ராடு விட்ட ரேடியேட்டர், கூலண்ட். எல்லாம் சேர்ந்து ஒரு ஹெட் வேலைக் கூலிகூட ஆகவில்லை. லேத்துக்காரரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "போன்ல நீ பேசினப்ப என் பையன் பக்கத்துல இருந்தான்" என்றார். அதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த வண்டி அதற்குப் பிறகு ஏழு வருஷம் மலை ஏறியது. ஹெட் தூக்கவில்லை. வண்டிக்காரர் கூலண்டில் கலக்க மேலிருந்து கேனில் ஊற்றுத் தண்ணி பிடித்துவந்து வீட்டில் வைத்துக்கொள்வார். மாதத்துக்கு ஒரு தடவை என் வாசலிலும் ஒரு கேனை இறக்கிவிட்டுப் போவார், பட்டறைக்கு வரும் வண்டிகளுக்கு ஊற்றச் சொல்லி. அது வண்டிக்குப் போனதே இல்லை. போர் தண்ணியில் துவரம்பருப்பு வேகமாட்டேன் என்கிறது என்று வீட்டில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.